பழைய ஜீப், புதிய கை: வாசகர் கேள்வி பதில்

பழைய ஜீப்பையோ மாருதி ஜிப்ஸியையோ வாங்கிச் சொந்தக் கையால் சரிசெய்து ஓட்ட ஆசைப்படுகிறவர்களைக் கேள்வி அனுப்பச் சொல்லியிருந்தோம். வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை என்று பழைய வட ஆற்காடு முழுவதிலிருந்தும் வந்திருக்கின்றன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் தந்திருக்கிறோம்.

பைக் சர்வீஸ் வரை நானே செய்வேன். கார் வேலை தெரியாது. கையில் மூன்று லட்சம் இருக்கிறது. சிஜே-3பி, எம்எம் 540, ஜிப்ஸி மூன்றும் விலைக்கு வந்திருக்கின்றன. எதை வாங்கலாம்?
– காட்பாடி வாசகர்

மூன்று லட்சமும் வண்டிக்கே போய்விடும் என்றால் எதையும் வாங்க வேண்டாம். பாதியை வண்டிக்கு வையுங்கள். மீதிப் பாதி சாமானுக்கும், லேத் பட்டறைக்கும், டிங்கரிங் கூலிக்கும் கண்டிப்பாகப் போகும்.

சிஜே-3பி பார்க்க அழகு. வில்லிஸ் 1953-ல் கொண்டுவந்த உயரமான பானெட் வண்டியை மகிந்திரா இங்கே பல ஆண்டுகள் கட்டியது. அதன் 2,199 சிசி பெட்ரோல் இன்ஜினில் காற்றை உள்ளே இழுக்கும் வால்வு ஹெட்டிலும் புகை வால்வு பிளாக்கிலும் இருக்கும். இதைப் பிரித்துப் பழகிய கைகள் குறைந்துவிட்டன. ஊரில் பெரும்பாலான சிஜே-க்களில் எப்போதோ டீசல் இன்ஜினை ஏற்றிவிட்டார்கள், அது ஆர்.சி.யில் ஏறியிருக்கிறதா என்பது தனிக் கேள்வி. முதல் வண்டியாக இது வேண்டாம்.

மகிந்திராவின் எம்எம் 540-ல் பியூஜோ 2,112 சிசி டீசல். உறுதியான வண்டி, மகிந்திராவின் மற்ற ஜீப்புகளான கிளாசிக், கமாண்டர் சாமான்கள் பல இதற்கும் சேரும். ஆனால் கனமான இன்ஜின். பம்ப், நாசில் வேலைக்கு டீசல் பம்ப் பட்டறையைத்தான் நம்ப வேண்டும், வீட்டில் ஆகாது. சூடேற விட்டால் ஹெட்டுக்குச் செலவு வைக்கும்.

எங்கள் ஓட்டு ஜிப்ஸிக்கு. 1985 டிசம்பரில் வந்த முதல் ஜிப்ஸி 970 சிசி, நான்கு கியர். 1996-ல் வந்த ஜிப்ஸி கிங் 1,298 சிசி, ஐந்து கியர், 2000-ல் கார்புரேட்டருக்குப் பதில் எம்பிஎஃப்ஐ (பெட்ரோலை இன்ஜினுக்குள் பீய்ச்சும் முறை). உங்களுக்கு ஏற்றது கிங்கின் கார்புரேட்டர் மாடல். பைக் கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவியவருக்கு இது புரியாத பொருள் இல்லை. கியர் பாக்ஸை இரண்டு பேர் சேர்ந்தால் இறக்கிவிடலாம். ஜிப்ஸியின் பலவீனம் தகரம். இன்ஜின் கேட்பாரற்று ஓடும், தரை மட்டும் காலடியில் கரைந்துபோகும்.

இன்னொன்று. ஓடுகிற வண்டியாக வாங்குங்கள். நின்றுபோன வண்டி அறுபதாயிரம் மலிவாகக் கிடைக்கும். ஆனால் இன்ஜின் ஓடாத வரை கிளட்ச், கியர் பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ் (சக்தியை முன், பின் ஆக்சிலுக்குப் பிரிக்கும் பெட்டி), ஆக்சில் எதையும் சோதிக்க முடியாது. அறுபதாயிரத்தை மிச்சம் பிடிக்க நான்கு பூட்டிய பெட்டிகளைச் சாவியில்லாமல் வாங்குகிறீர்கள்.

வண்டி பார்க்கப் போகும்போது எதை எந்த வரிசையில் பார்க்க வேண்டும்? 'இன்ஜின் தங்கம் சார்' என்கிறார் புரோக்கர்.
– குடியாத்தம் வாசகர்

இன்ஜின் தங்கமாக இருந்தாலும் கடைசியாகத்தான் பார்க்க வேண்டும். இன்ஜினைக் காசு கொடுத்துச் சரிசெய்யலாம். முதலில் காகிதம், அடுத்து சேஸிஸ், அப்புறம் தகரம், அதன் பிறகுதான் இன்ஜின்.

எடுத்துப்போக வேண்டியவை: டார்ச், அளவு டேப், பென்சில், வெள்ளைத்தாள், மெல்லிய துணி சுற்றிய ஒரு காந்தம், பழைய ஸ்க்ரூ டிரைவர், கீழே படுக்க ஒரு சாக்கு. 'நான் வரும்வரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம்' என்று முந்தின நாளே சொல்லிவிடுங்கள். போனதும் பானெட்டைத் திறந்து ரேடியேட்டரின் மேல் தொட்டியைத் தொடுங்கள். சூடாக இருந்தால், குளிர்ந்த இன்ஜினில் வரும் சிக்கலை உங்களிடமிருந்து மறைத்துவிட்டார்கள். இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிக் கிளம்புங்கள்.

சேஸிஸ் எண்ணின் மேல் தாளை வைத்துப் பென்சிலைப் படுக்கவைத்துத் தேயுங்கள். கண்ணுக்குத் தெரியாத கோணல்கூடத் தாளில் வரும். எழுத்துகள் ஒரே ஆழத்தில், ஒரே வரிசையில் இருக்க வேண்டும். ஒரு எழுத்து மட்டும் சாய்ந்திருந்தாலோ, சுற்றிலும் கிரைண்டர் பட்ட தடம் தெரிந்தாலோ பேச்சை முடித்துக்கொள்ளலாம். டாஷ்போர்டில் ரிவெட் அடித்த தகட்டில் மட்டும் எண் இருந்தால் போதாது, சேஸிஸ் இரும்பிலேயே பொறித்திருக்க வேண்டும். இன்ஜின் எண்ணையும், ஆர்.சி.யில் எரிபொருள் என்ன போட்டிருக்கிறது என்பதையும் ஒப்பிடுங்கள்.

அடுத்தது பலர் செய்யாத சோதனை. ஆர்.சி.யில் வீல் பேஸ் மில்லிமீட்டரில் இருக்கும். முன் சக்கர நடுவிலிருந்து பின் சக்கர நடுவுக்கு டேப் பிடித்துப் பாருங்கள். சிஜே-3பி என்றால் 80 அங்குலம், அதாவது 2,032. ஜிப்ஸி 2,375. நீளமான கமாண்டரின் சேஸிஸை நடுவில் வெட்டி ஒட்டி, குட்டை ஜீப்பாக்கி விற்பது உண்டு; டேப் அதைக் காட்டிக்கொடுக்கும். பத்து, பதினைந்து மில்லிமீட்டர் வித்தியாசம் லீஃப் ஸ்பிரிங் தளர்ச்சியாக இருக்கலாம். அதற்கு மேல் போனால் வெல்டிங் தடத்தைத் தேடுங்கள்.

இப்போது சாக்கைப் போட்டுக் கீழே படுங்கள். சேஸிஸின் பின் கடைசிக் குறுக்குச் சட்டம், ஸ்பிரிங் ஹேங்கர் பற்றவைத்த இடம், ஷாக்கிள் (ஸ்பிரிங் முனையைத் தாங்கி ஆடும் இணைப்பு) பகுதி, பாடி போல்ட் உட்காரும் தாங்கிகள் ஆகிய இடங்களில் ஸ்க்ரூ டிரைவரை அழுத்திக் குத்துங்கள். இரும்பு 'டிங்' என்று திருப்பித் தள்ள வேண்டும். 'பொத்' என்று உள்ளே போனால் பெட்டிச் சட்டம் உள்ளிருந்து அரித்திருக்கிறது. புதிதாகக் கறுப்பு அடித்த அடிப்பாகம் அழகுக்காக அடித்ததாக இருப்பது அபூர்வம்.

நம் பக்கத்துக்கே உரிய ஒரு கேள்வியும் கேளுங்கள்: வண்டி முன்பு என்ன வேலைக்கு ஓடியது? ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டைப் பக்கம் உப்புப் போட்ட பச்சைத்தோல் ஏற்றிய வண்டியாக இருந்தால், அந்த உப்புத் தண்ணீர் தரை இடுக்கு வழியாக இறங்கிச் சேஸிஸ் சட்டத்துக்குள் போயிருக்கும். வெளியே பெயின்ட் அப்படியே இருக்கும். ஜவ்வாது மலையில் ஆளும் மூட்டையும் ஏற்றிய வண்டி வேறு மாதிரி: துரு குறைவு, கிளட்ச், பிரேக் டிரம், கிங் பின் (முன் சக்கரம் திரும்பும் அச்சு), ஸ்பிரிங் எல்லாம் தேய்ந்திருக்கும். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடு என்றால் மலை வண்டியையே எடுக்கலாம். தேய்ந்தது கடையில் கிடைக்கும்.

தகரத்தில் காந்தம் ஒட்டாத இடமெல்லாம் பட்டி பூசி மறைத்தது. கால் மிதியடியைத் தூக்குங்கள், பேட்டரி தட்டின் அடியைப் பாருங்கள்.

கடைசியாக இன்ஜின். ஸ்டார்ட் செய்யும் முன் ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்துவிட்டு ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். குளிர்ந்த இன்ஜினில் மட்டும்தான் இதைச் செய்ய வேண்டும். சூடாவதற்கு முன்பே தண்ணீரில் விடாமல் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கெட் போயிருக்கிறது, அல்லது ஹெட்டில் விரிசல். ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் லேசான ஆவி வருவது இயல்பு. ரயில் இன்ஜின் மாதிரி 'புஸ் புஸ்' என்று அடித்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. நீலப் புகை ஆயில், கறுப்பு அதிக டீசல். இனிப்பு வாசனையுள்ள வெள்ளைப் புகை கூலன்ட்.

பெட்ரோல் வண்டி என்றால் கம்ப்ரெஷன் கேஜோடு ஒரு மெக்கானிக்கைக் கூட்டிப்போங்கள். நான்கு சிலிண்டரும் ஒன்றுக்கொன்று பத்துப் பதினைந்து சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். ஒன்று குறைந்தால் அதில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு.

ஓட்டும்போது இரண்டு விஷயம் போதும். இரண்டாம், மூன்றாம் கியரில் வேகம் எடுத்து ஆக்சிலேட்டரைச் சட்டென்று விடுங்கள். கியர் தானாக நியூட்ரலுக்குக் குதித்தால் பெட்டியைப் பிரிக்க வேண்டும். பிறகு மண் தரையில், தார் சாலையில் இல்லை, ஃபோர் வீல் லோவை (நான்கு சக்கரமும் இழுக்கும் மெது கியர்) போட்டு முன்னும் பின்னும் நகருங்கள். 'லிவர் கொஞ்சம் இறுக்கம், போகப் போகச் சரியாயிடும்' என்பார்கள். போகப் போக ஆகாது.

அரசுத் துறை ஏலத்தில் பழைய ஜீப் மிக மலிவாக வருகிறது என்கிறார்கள். எடுக்கலாமா?
– ராணிப்பேட்டை வாசகர்

ஓட்டுவதற்காக என்றால் வேண்டாம். மத்திய, மாநில அரசுகள், உள்ளாட்சிகள், அரசு நிறுவனங்களுக்குச் சொந்தமான வண்டிகள் 15 ஆண்டு தாண்டினால் பதிவைப் புதுப்பிக்க முடியாது என்ற விதி 1-4-2023 முதல் நடப்பில் இருக்கிறது. அவை பதிவுபெற்ற ஸ்கிராப் மையத்துக்குத்தான் போக வேண்டும். அந்த விதிக்கு முன்பே ஏலத்தில் போய், தனியார் பெயரில் ஒழுங்காகப் பதிவாகி ஓடிக்கொண்டிருக்கும் வண்டி வேறு கணக்கு.

ராணுவத்திலிருந்து வந்த ஜோங்கா என்று யாராவது காட்டினாலும் முதல் கேள்வி 'சிவில் ஆர்.சி. இருக்கிறதா' என்பதுதான். ஜபல்பூர் தொழிற்சாலையில் நிசான் உரிமத்தில் செய்த ஆறு சிலிண்டர் பெட்ரோல் வண்டி அது, கிட்டத்தட்ட 4 லிட்டர் இன்ஜின். ஆர்.சி. இருந்தாலும் பெட்ரோல் பங்க்காரரைத் தவிர யாருக்கும் நாங்கள் சிபாரிசு செய்ய மாட்டோம்.

ஆர்.சி.யில் பெயர் உள்ளவர் இறந்துவிட்டார். பதிவும் காலாவதி. மகன் விற்கிறார். 'எல்லாம் பார்த்துக்கலாம்' என்கிறார். பயமில்லாமல் வாங்கலாமா?
– ஆற்காடு வாசகர்

'பார்த்துக்கலாம்' என்பதை அவரே பார்த்து முடித்துக் கொடுக்கட்டும். முதலில் வாரிசு பெயருக்கு ஆர்.சி. மாற வேண்டும்: படிவம் 31, இறப்புச் சான்று, வாரிசுச் சான்று. மற்ற வாரிசுகளின் சம்மதமும் எழுத்தில் இருக்கட்டும். நாளைக்கு ஒரு அக்கா வந்து நிற்பார். அதன்பின் அவரிடமிருந்து உங்களுக்கு படிவம் 29, 30. பழைய கடன் பதிவு இருந்தால் படிவம் 35. பதிவைப் புதுப்பிக்கப் படிவம் 25. வண்டியை நேரில் கொண்டுபோய் பிரேக் இன்ஸ்பெக்டரிடம் காட்ட வேண்டும். சொந்த உபயோக வண்டிக்கு 15 ஆண்டு முடிந்ததும் ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிப்பார்கள்.

இங்கே ஒரு முள். 'வட ஆற்காடு மாவட்டம்' என்று கையால் எழுதிய பழைய ஆர்.சி. புத்தகங்களின் விவரம் கம்ப்யூட்டரில் ஏறாமல் இருக்கலாம். அப்படியிருந்தால் ஆன்லைனில் எந்த விண்ணப்பமும் நகராது. முன்பணம் கொடுக்கும் முன், வண்டி பதிவான அலுவலகத்தில் (டிஎன் 23 என்றால் வேலூர், டிஎன் 73 ராணிப்பேட்டை, டிஎன் 25 திருவண்ணாமலை) பதிவேட்டில் அந்த எண் யார் பெயரில், எந்தச் சேஸிஸ் எண்ணோடு இருக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். வரி பாக்கி, மஞ்சள் போர்டில் ஓடியதா என்பதும் அங்கேயே தெரிந்துவிடும்.

முதல் பதிவு தேதியிலிருந்து 50 ஆண்டு தாண்டிய, பெரிதாக மாற்றம் செய்யாத வண்டிகளை 'விண்டேஜ்' ஆகப் பதியும் வழி 2021-ல் வந்தது. புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்தாண்டு செல்லும். ஆனால் அந்த எண்ணை வைத்துக்கொண்டு தினமும் ஆபீஸ் போக முடியாது. கண்காட்சி, ராலி, பழுதுபார்ப்பு, பெட்ரோல் போடுவது போன்றவற்றுக்கு மட்டும்தான் சாலையில் எடுக்கலாம்.

ஜிப்ஸி வாங்கிவிட்டேன். ஓடுகிறது. முழுதும் பிரித்துப் புதுசு போல ஆக்க ஆசை. எங்கே ஆரம்பிப்பது?
– ஆரணி வாசகர்

பிரிக்காதீர்கள். முதல் வருடம் ஒரு சமயத்தில் ஒரு பகுதி மட்டும். ஞாயிறு சாயங்காலம் வண்டி மறுபடி ஓட வேண்டும் என்பதை விதியாக வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் வேலை பிரேக். மாஸ்டர் சிலிண்டர் கிட், பின் வீல் சிலிண்டர் இரண்டு, முன் காலிப்பர் சீல், ரப்பர் ஹோஸ் மூன்று (முன்னால் இரண்டு, பின் ஆக்சிலுக்கு ஒன்று), டாட் 3 பிரேக் ஆயில் ஒரு லிட்டர். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். நின்ற வண்டியில் அந்த ஈரம் சிலிண்டர் சுவரில் குழி போடும். விரலை உள்ளே விட்டுத் தடவுங்கள், நகம் தட்டினால் கிட் போட்டுப் பிரயோஜனமில்லை, சிலிண்டரையே மாற்றுங்கள். காற்று எடுக்கும்போது மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரமான சக்கரத்தில் தொடங்கவும்: பின் இடது, பின் வலது, முன் இடது, முன் வலது. டிரம்மில் இருக்கும் தூளைக் காற்றால் ஊதாதீர்கள்; பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கலாம், ஈரத்துணியால் துடையுங்கள்.

அடுத்து ஆயில்கள். டிரான்ஸ்ஃபர் கேஸுக்கு 0.8 லிட்டர், முன் டிஃபரன்ஷியலுக்கு (இரு பக்கச் சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் பல்சக்கரப் பெட்டி) 2, பின்னதற்கு 1.5 லிட்டர். வடிக்கும் முன் ஊற்றும் போல்ட்டை முதலில் கழற்றிப் பாருங்கள். அது கழலாமல் போய், கீழே எல்லாம் வடிந்துவிட்டால் வண்டி அங்கேயே நிற்கும். கியர் பாக்ஸுக்கு ஜிஎல்-4 தரம் கேட்டு வாங்குங்கள்; ஜிஎல்-5 டிஃபரன்ஷியலுக்கு நல்லது, ஆனால் அதன் சேர்மானம் பித்தளை சின்க்ரோ ரிங்கை அரிக்கக்கூடும். வடித்த ஆயிலை ஒரு தட்டில் ஊற்றிக் காந்தத்தை விடுங்கள். மை போன்ற தூள் வந்தால் இயல்பான தேய்மானம், துண்டு வந்தால் பல் உடைந்திருக்கிறது.

டைமிங் பெல்ட் எப்போது மாற்றியது என்று எழுத்தில் இல்லையென்றால் மாற்றவே இல்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள். டென்ஷனர் பேரிங்கையும் சேர்த்து மாற்றவும்.

மூன்றாவது வயரிங். விளக்கு மங்கல், செல்ஃப் மெதுவாகச் சுற்றுவது, மீட்டர் ஆடுவது என்று வரும் புகார்களில் பாதி எர்த் கோளாறு. பேட்டரி நெகட்டிவிலிருந்து சேஸிஸ், சேஸிஸிலிருந்து இன்ஜின், சேஸிஸிலிருந்து பாடி என மூன்று இணைப்பையும் கழற்றி, உப்புத்தாள் போட்டுப் பளபளப்பாக்கி, இறுக்கி, மேலே கிரீஸ் தடவுங்கள். புதுசாகப் பெயின்ட் அடித்த வண்டியில் விளக்கு எரியவில்லை என்று வருகிறவர்கள் எர்த் போல்ட்டுக்கு அடியிலும் சேர்த்துப் பெயின்ட் அடித்திருப்பார்கள்.

ஸ்பிரிங் புஷ் மாற்றினால் ஜாக்கியில் நிற்கும்போது போல்ட்டை முழுதாக இறுக்க வேண்டாம். சக்கரத்தைத் தரையில் இறக்கி, எடை வந்தபின் இறுக்குங்கள். இல்லாவிட்டால் ரப்பர் முறுக்கிய நிலையிலேயே நின்று சீக்கிரம் கிழியும். யூ போல்ட்டை 500 கிலோமீட்டரில் மறுபடி இறுக்கவும்.

எம்எம் 540. சமதளத்தில் சரியாக ஓடுகிறது. போளூரிலிருந்து ஜமுனாமரத்தூர் ஏறும்போது பாதியிலேயே கொதிக்கிறது. மெக்கானிக் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போட்டுவிட்டார். அப்படியும் குறையவில்லை.
– போளூர் வாசகர்

தெர்மோஸ்டாட்டைக் கழற்றுவது நம் ஊர் வழக்கம், வைத்தியம் இல்லை. அது சூடான இன்ஜினில் திறந்துதானே இருக்கிறது! வெந்நீரில் போட்டுச் சோதியுங்கள். அதில் பொறித்த டிகிரிக்குத் திறந்தால் திரும்ப மாட்டிவிடுங்கள்.

எங்கள் சந்தேகம் தண்ணீர் மேல். இதுவரை என்ன ஊற்றினீர்கள்? பாலாற்றுப் படுகையில், அதிலும் தோல் தொழிற்சாலைகள் உள்ள ஊர்களில், போர் தண்ணீர் உப்புக் கடினம். அதை வருடக்கணக்கில் ஊற்றினால் குண்டானில் படிவது போல ரேடியேட்டர் குழாயிலும் பிளாக்கிலும் வெள்ளைக் கல் படியும். சமதளத்தில் பாதிக் குழாய் திறந்திருந்தாலும் தாங்கும். மலையில் முழு லோடு, குறைந்த வேகம், எதிர்க்காற்று இல்லை, அங்கே தாங்காது.

செய்ய வேண்டியது: இன்ஜின் சூடாக இருக்கும்போது வண்டியை அணைத்துவிட்டு ரேடியேட்டரின் முன்பக்கத்தை வெப்பமானியால் பத்துப் பன்னிரண்டு இடத்தில் பாருங்கள். நடுவில் சில பட்டைகள் மட்டும் திடீரென்று குளிர்ச்சியாக இருந்தால் அந்தக் குழாய்கள் அடைபட்டவை. பழைய பித்தளை ரேடியேட்டர் என்பது உங்கள் அதிர்ஷ்டம்: ரேடியேட்டர் கடையில் மேல், கீழ் தொட்டியைக் கழற்றி, குழாய்களில் ராடு விட்டுச் சுத்தம் செய்து திரும்ப ஈயம் வைத்துவிடுவார்கள். பிளாக்கின் பக்கவாட்டில் உள்ள வடிகால் போல்ட்டைத் திறந்தால் தண்ணீர் வராமல் இருக்கலாம். கம்பியால் குத்தினால் சேறு வரும். அதையும் தெளியும்வரை கழுவ வேண்டும்.

மூடியையும் பாருங்கள். 0.9 கிலோ அழுத்த மூடி சரியாகப் பிடித்தால் தண்ணீர் கிட்டத்தட்ட 118 டிகிரி வரை கொதிக்காது. ரப்பர் வெடித்த மூடி என்றால் நூறிலேயே, மலை மேல் நூறுக்கும் கீழேயே கொதித்துவிடும். ஃபேனைச் சுற்றியுள்ள தகரக் கூடை காணாமல் போயிருந்தால் திரும்பச் செய்து மாட்டுங்கள். அது இல்லாமல் ஃபேன் இன்ஜின் அறைக் காற்றையே சுற்றிச் சுற்றி அடிக்கும்.

இவை எல்லாம் சரியாகியும் கொதித்தால் ஹெட்டைக் கழற்ற வேண்டும். இந்த இன்ஜினில் லைனரை (பிஸ்டன் ஓடும் குழாய்) வெளியே தண்ணீர் தொடும். அதன் விளிம்பு பிளாக் முகத்தைவிட மயிரிழை உயர்ந்து நின்றால்தான் கேஸ்கெட் பிடிக்கும். டயல் கேஜ் வைத்து நான்கு லைனரையும் அளக்காமல் புதுக் கேஸ்கெட் போடுகிற பட்டறையில் மூன்றாம் மாதமும் நிற்பீர்கள்.

இனி பாதி கூலன்ட், பாதி டிஸ்டில்டு வாட்டர். வீட்டு ஆர்.ஓ. தண்ணீர்கூடப் போர் தண்ணீருக்கு எவ்வளவோ மேல்.

ஜிப்ஸி, ஓட்டுநர் பக்கத் தரை ஓட்டை. ரிவெட் அடித்துத் தகரம் போட்டால் போதும் என்கிறார் டிங்கர். பெயின்ட்டுக்கும் யோசனை சொல்லுங்கள்.
– ஆம்பூர் வாசகர்

ரிவெட் தகரத்துக்கும் பழைய தரைக்கும் நடுவில் தண்ணீர் தங்கும். ஒரு மழைக்காலத்தில் ஓட்டை பெரிதாகும். துருவைக் கடந்து பளிச்சென்ற இரும்பு தெரியும்வரை வெட்டுங்கள். கண்ணுக்குத் தெரியும் ஓட்டையைவிட வெட்டுவது மூன்று மடங்காகும், மனம் தளர வேண்டாம். 18 கேஜ் சி.ஆர். (குளிர்முறையில் உருட்டிய, பூச்சில்லாத) தகரம் வாங்குங்கள். எட்டுக்கு நாலு அடி முழுத்தகடு கிட்டத்தட்ட 28 கிலோ வரும். இரண்டு பக்கத் தரைக்கும் தாராளம். ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய) தகரம் மலிவென்று எடுக்காதீர்கள், பற்றவைக்கும்போது வரும் துத்தநாகப் புகை காய்ச்சல் கொண்டுவரும்.

மிக் வெல்டிங்கில் ஒரு அங்குலத்துக்கு ஒரு புள்ளி, அதுவும் எதிரெதிர் மூலையாக மாறி மாறி. ஒரே கோடாக இழுத்தால் தகரம் அப்பளம் போல உப்பும். பேட்டரியைக் கழற்றி, பெட்ரோல் டேங்கையும் இறக்கித் தூர வைத்த பிறகே பற்றவைக்க வேண்டும். காலி டேங்க்தான் ஆபத்து, உள்ளே ஆவி நிற்கும். டேங்க்கில் ஓட்டை என்றால் அதைப் பற்றவைக்கவே கூடாது.

சேஸிஸுக்கு சாண்ட் பிளாஸ்டிங் நல்லது. பாடித் தகரத்துக்கு வேண்டாம், அடிக்கும் வேகத்தில் நெளியும். அங்கே கையும் உப்புத்தாளும்தான். பளிச்சென்ற இரும்பை இரவு முழுக்க விடாதீர்கள், அன்றைக்கே எபாக்ஸி பிரைமர் இரண்டு கை. ரெட் ஆக்சைடு அடித்துவிட்டு 'பெயின்ட் அடுத்த மாசம்' என்று மழையில் நிறுத்தினால், அது ஈரத்தை உள்ளே விடும். பெயின்ட்டுக்கு அடியிலேயே துரு வளரும்.

மே மாதத்தில் நடுப்பகல் ஸ்பிரே கூடாது. நாற்பது டிகிரியில் தின்னர் வழியிலேயே காய்ந்து, பெயின்ட் தூளாக விழும், தடவினால் சொரசொரக்கும். காலை ஆறிலிருந்து ஒன்பதுக்குள் முடியுங்கள். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் என்.சி. (நைட்ரோ செல்லுலோஸ்) பெயின்ட் வெளுத்துப்போகும், அந்த மாதங்களை வயரிங்குக்கு வைத்துக்கொள்ளலாம்.

60 கிலோமீட்டர் வேகத்தில் சாலையில் ஒரு மேடு தட்டினால் ஸ்டியரிங் பயங்கரமாக உதறுகிறது. ஸ்டியரிங் டாம்பர் புதிதாகப் போட்டதும் நின்றது, மூன்று மாதத்தில் மறுபடி.
– வாணியம்பாடி வாசகர்

டாம்பர் (உதறலை அடக்கும் ஷாக் அப்சார்பர்) வலி மாத்திரை. முன் ஆக்சிலை ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். டயரை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். உதவியாள் பிரேக்கை மிதித்ததும் ஆட்டம் நின்றால் வீல் பேரிங். மிதித்தும் ஆடினால் கிங் பின். ஜிப்ஸியில் பெரும்பாலும் இதுதான். மேல், கீழ் கிங் பின் மூடிகளுக்கு அடியில் உள்ள மெல்லிய ஷிம்மைக் குறைத்தால் இறுகும், ஆனால் பேரிங் ஓட்டில் குழி விழுந்திருந்தால் ஷிம் பயன்படாது. நக்கிளைத் தனியே திருப்பினால் 'டக் டக்' என்று குழியில் உட்காரும், அப்போது பேரிங்கையே மாற்ற வேண்டும். பக்கவாட்டில் ஆடினால் டை ராடு மூட்டு. உயரத்துக்காக நீள ஷாக்கிள் போட்டிருந்தால் கழற்றிவிடுங்கள்; காஸ்டர் கோணம் (கிங் பின்னின் சாய்வு) கெட்டு உதறலுக்கு வழிவிடும். அப்புறம் சக்கர பேலன்சிங். அதுவரை பெங்களூர் நெடுஞ்சாலைப் பக்கம் போக வேண்டாம்.

தார் சாலையில் ஃபோர் வீலில் போனேன். லிவர் திரும்ப வரவே இல்லை.
– அணைக்கட்டு வாசகர்

இந்த வண்டிகளில் முன், பின் ஆக்சிலுக்கு நடுவில் டிஃபரன்ஷியல் கிடையாது. வளைவில் முன் சக்கரங்கள் அதிகத் தூரம் ஓடும். மண்ணில் வழுக்கிச் சமன் செய்துகொள்ளும், தாரில் முடியாமல் முறுக்கேறி இறுகும். கொஞ்ச தூரம் நேராகப் பின்னால் வாருங்கள், விடும்.

நேர்ச்சாலையிலேயே இறுகினால் வேறு காரணம்: நான்கு டயரும் ஒரே அளவில்லை, அல்லது யாரோ வேறு விகிதத்து ஆக்சிலை மாட்டியிருக்கிறார்கள். ஒரு பின் சக்கரம் தரையில், மறு சக்கரம் ஜாக்கியில், கியர் நியூட்ரலில் இருக்கட்டும். தூக்கிய சக்கரத்தைச் சரியாக இரண்டு சுற்று சுற்றி, புரொப்பெல்லர் ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்றுகிறது என்று எண்ணுங்கள். முன்னாலும் அதே போல. ஃப்ரீ வீலிங் ஹப் (முன் சக்கரத்தை ஆக்சிலிலிருந்து விடுவிக்கும் பூட்டு) இருந்தால் லாக்கில் வைத்து எண்ணவும். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும்.

என் மகன் ஜீப்பை வாங்கி முழுதும் பிரித்துப் போட்டிருக்கிறான். எட்டு மாதமாகிறது. மாட்டுக்கொட்டகை முழுக்க இரும்பு. வேலைக்குப் பெங்களூர் போய்விட்டான். எடைக்குப் போட்டுவிடலாமா?
– வேலூர் வாசகி

பொறுங்கள் அம்மா, எடைக்குப் போட்டால் இரும்பு விலைதான் வரும். அதுவும் ஆர்.சி. உயிரோடு இருக்கும்போது துண்டு துண்டாக விற்றால் பின்னால் தொல்லை. ஆர்.சி.யை எடுத்துப் பத்திரப்படுத்துங்கள். அந்தக் குவியலில் விலை உயர்ந்த பொருள் அதுதான்.

மகன் அடுத்த முறை வரும்போது ஒரு நாள் மட்டும் கேளுங்கள். போல்ட், நட்டுகளைப் பகுதிவாரியாகப் பிரித்துப் பழைய பெயின்ட் டப்பாக்களில் போட்டு, மேலே எழுதி ஒட்டட்டும்: 'முன் ஸ்பிரிங்', 'கியர் பாக்ஸ்', 'கதவு'. ஆயில் தடவிய கோணிக்குள் இன்ஜின் பாகங்கள். சிலிண்டர் ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் இன்ஜின் ஆயில், பிளக் துளைகளைத் துணியால் அடைக்கவும். கொட்டகையில் மாடு இன்னும் கட்டுகிறீர்களா? கோமியத்து அமோனியா செம்பு, பித்தளையை அரிக்கும். ரேடியேட்டர், வயரிங், கார்புரேட்டர் மூன்றையும் வீட்டுக்குள் எடுத்து வையுங்கள். அதன்பின் அவன் செய்ய வேண்டிய முதல் வேலை சேஸிஸில் ஆக்சிலையும் சக்கரத்தையும் மாட்டுவது. நகர்த்த முடிகிற வண்டியாக ஆகிவிட்டால் கொட்டகையும் உங்களுக்குத் திரும்பக் கிடைக்கும், விற்றாலும் கேட்க ஆள் வரும்.